மாதுவின் குரல் அசைவு

தர்மபுரியில் நான் நடத்துவது ஸ்டுடியோ என்று போர்டு சொல்கிறது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிய அறை என்று என் மனைவி சொல்கிறாள். இரண்டும் சரிதான்.

பென்னாகரத்திலிருந்து மாதம்மாள் அக்கா வந்தார். கணவர் மாது இறந்து பன்னிரண்டு நாள். போன வருடப் புரட்டாசி பஜனையில் அவர் பாடியது நாலு நிமிடம் போனில் இருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் படத்துக்கு முன்னால் அதைப் போட வேண்டும்; கூட்டத்துச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தரச் சொன்னார்.

எடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். சுதி பிசகியதாகக் கம்ப்யூட்டர் காட்டிய இடங்களையெல்லாம் நேராக்கினேன், இலவசமாக, பெருந்தன்மையோடு. பழைய ஃபைலின் மேலேயே சேமித்தேன். போனில் இருந்ததையும், “இடத்த அடைக்குதுங்கக்கா” என்று முதல் நாளே அழித்திருந்தேன்.

மறுநாள் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

“பாட்டு சுத்தமா இருக்குதுங்க தம்பி. ஆனா இது அவரு இல்லீங்க.”

‘போன்ல அப்படித்தாங்க பதிவாயிருக்கு’ என்ற பொய் தயாராகத்தான் இருந்தது. வாய் வரவில்லை. செய்ததைச் சொன்னேன்.

“அங்கங்க குரல் ஆடுச்சுங்க. தப்புன்னு நெனச்சு அழிச்சுட்டேன். அது தப்பில்லீங்க. அதுக்குக் கமகம்னு பேரு.”

“அப்படின்னா?”

“வடமொழிச் சொல்லுங்க. போறதுன்னு அர்த்தம். ஒரு சுரத்துலேர்ந்து அடுத்ததுக்குக் குதிக்காம, அசைஞ்சு அசைஞ்சு போறது. கேக்கறவங்க மனசு குளிர சுரம் நடுங்கறதுதான் கமகம்னு பழைய நூல்லயே இருக்குது.”

டிப்ளமோ பரீட்சையில் இதற்கு ஐந்து மதிப்பெண் வாங்கியவன் நான்.



“ஒகேனக்கல் பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்து குலுங்கிக்கிட்டே பாடறாப்பல இருக்குதும்பாங்க பஜனைக்காரங்க. அந்தக் கூச்சத்துலயே கடைசி வருசம் வூட்ட விட்டுப் போவலீங்க. அப்ப அவரு தப்பாப் பாடலீங்களா?”

“இல்லீங்கக்கா.”

பாதி கமகம், பாதி மூச்சிரைப்பு. அதை நான் சொல்லவில்லை.

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பாட்டை மெதுவாக ஓடவிட்டேன். கண்ணை மூடிக் கையால் காட்டினார்: இங்கே ஏறும், இங்கே ரெண்டு தரம் ஆடும், இங்கே வழுக்கும். திரையில் சுதியைக் காட்டும் கோட்டை நான் மவுஸால் வளைத்தேன். நாலு மணி நேரத்தில் ஒரே ஒரு வரி. ஒன்பதாவது தரம் போட்டபோது அவர் கை அப்படியே நின்றது.

“இவருதாங்க.”

மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

“வேணாங்க. மீதிய நீங்க பாடினாப்பல ஆயிரும்.”

காரியத்தன்று அந்த வரியை மட்டும் போட்டேன். பதினோரு விநாடி. பந்தல் ஓரம் நின்றிருந்த பஜனைக் குழுத் தலைவர் கதிரவன், “அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதான் மிச்சங்க,” என்றார் அக்கா. “இன்னொரு தரம் போடுங்க தம்பி.”

மூன்றாவது தரம் போடும்போது கதிரவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, படத்துக்கு எதிரில் உட்கார்ந்தார்.