துணியின் அந்தப் பக்கம்

களத்தில் படம் போட என்னென்ன வேண்டும் என்று தமிழ்மொழி தன் நோட்டில் பதினேழு பொருட்களை எழுதி வைத்திருந்தாள். புரொஜக்டர், நாற்பது மீட்டர் வயர், ஒன்றாகத் தைத்த நான்கு வேட்டிகள், இரண்டு மூங்கில், மழை வந்தால் மூடத் தார்ப்பாய். எல்லாவற்றுக்கும் டிக் போட்டாயிற்று. போட்ட டிக்கை மறுபடியும் சரிபார்த்தாள். அப்படியும் எதையோ விட்டுவிட்டோம் என்ற உறுத்தல் போகவில்லை. அது அவளுக்கு எப்போதும் இருக்கிற உறுத்தல்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பகலில் கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வேலை. மாலையில் ஆதிமூலம் சாரின் தேர்வுப் பயிற்சி வகுப்பு. அங்கேதான் சார் ஒருநாள் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தலைவர் ஒருவரின் வாழ்க்கை. பல நாடுகளில் பரிசு வாங்கிய படம். படம் முடிந்ததும் மற்றவர்கள் நடிப்பைப் பற்றிப் பேசினார்கள். தமிழ்மொழிக்கு ஒரே நினைப்புதான்: இதை அம்மா பார்க்க வேண்டும்.

அம்மா கொளஞ்சியம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ் எழுத்தே இரண்டு வருடமாகத்தான் தெரியும், மகளிடம் கற்றுக்கொண்டது. பஸ் போர்டு படிப்பாள், ரேஷன் கடைப் பலகை படிப்பாள். எனவே தமிழ்மொழி மூன்று மாதம் உட்கார்ந்து படத்தின் வசனங்களை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகளாகத் தமிழில் எழுதிக் கணினியில் ஏற்றினாள். அம்மாவைப் படிக்க வைத்து, போனில் நேரம் பார்த்து, நான்கு சொல்லுக்கு ஐந்து விநாடி என்று கணக்கு வைத்தாள். நீளமான சொற்களை எல்லாம் எடுத்தாள். எடுத்தது சரியா என்று மறுநாள் யோசித்தாள்.

ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருந்த களம்தான் படம் போடத் தோதான இடம். ஊர்ப் பெரியதனக்காரர் சின்னராசுவிடம் சார் போய்க் கேட்டார். தமிழ்மொழியின் அம்மா களை எடுப்பதும் கரும்பு வெட்டுவதும் அவருடைய கொல்லையில்தான்.

"படந்தான சார், தாராளமா போடுங்க. கரண்ட எங்க மோட்டார் கொட்டாயிலேர்ந்து இஸ்துக்குங்க. எப்பவும் போல துணிய நடுவுல கட்டிட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் தெரியும்" என்றார் சின்னராசு.

எப்பவும் போல என்றால் எல்லோருக்கும் தெரியும். திருவிழாவுக்குப் படம் போட்டாலும் துணிக்கு முன்னால் ஊர், பின்னால் காலனி. தமிழ்மொழி சிறுவயதிலிருந்து துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த படங்களில் கதாநாயகர்கள் எல்லோரும் இடது கையால்தான் அடித்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கதை காதில் விழுந்துவிடும், அது போதும். அவளும் பழக்கத்தில் தலையாட்டிவிட்டு வந்தாள். பதினேழு பொருள் எழுதிய நோட்டில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

கல்வராயன் மலைக்குப் பின்னால் வெளிச்சம் முழுதாக இறங்கிய பிறகு படம் தொடங்கியது. அவள் ஊர்ப்பக்கம், புரொஜக்டருக்கு அருகில் நின்றாள். சார் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். முன்வரிசையில் சின்னராசு இருந்ததால் அவள் உட்காரவில்லை.

முதல் வரி விழுந்தது. நான்கு சொல். அதைப் பார்த்த அந்த நொடியில் விட்டுப்போனது என்னவென்று அவளுக்கு விளங்கியது. காலனிப் பக்கம் இந்த எழுத்துகள் எல்லாம் இடம் வலமாகத் திரும்பியல்லவா தெரியும்? காதில் விழுவதோ இங்கிலீஷ்.

சாரிடம் குனிந்து சொன்னாள்.

"அடடா" என்றார் சார். "இப்ப என்னம்மா பண்றது? ஆரம்பிச்சாச்சு. அவங்க படமாவது பார்க்கட்டும்."

படம் ஓடியது. போலீஸ்காரர்கள் ஊர்வலத்தில் போனவர்களைத் தடியால் அடித்தபோது சின்னராசுவின் மனைவி பச்சையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், அதுங்களும் மனுசங்கதான" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். துணிக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கூடிக்கொண்டே போனது. சிலர் எழுந்து போவது நிழலாகத் தெரிந்தது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பக்கம் இருந்த மாமன் மகள் தேவிப்ரியாவிடமிருந்து போனில் செய்தி வந்தது: 'அத்தை அழுவுது. ஒரு எழுத்துகூட தெரியலியாம். படிச்சதெல்லாம் மறந்து போச்சுன்னு சொல்லிக்கினு கீது. எழுத்து திரும்பி வருதுன்னு சொன்னா நம்ப மாட்டுது.'

தமிழ்மொழி அதை இரண்டு முறை படித்தாள். புரொஜக்டரோடு வந்த குறிப்புப் புத்தகத்தை அவள் முழுதும் படித்து நோட்டில் எழுதியிருந்தாள். படத்தைப் பின்பக்கம் இருப்பவர்களுக்காகத் திருப்ப ஒரு வழி இருந்தது. மெனுவில் நான்காவது.

"சார், மீதியாவது அவங்க படிக்கட்டும். திருப்பிடவா?"

"பாதியில வேணாம்மா. நல்லாப் போய்ட்டிருக்கு. அடுத்த தடவை முதல்லயே யோசிச்சுப் பண்ணலாம்."

துணியில் தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் அந்தத் தலைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். கீழே அவள் நான்கு விதமாக எழுதி அடித்து, ஐந்தாவதாக வைத்த வரி: 'இது சரியான நேரம் அல்ல.'

அவள் மெனுவைத் திறந்து நான்காவதை அழுத்தினாள். மணி ஏழு ஐம்பது.

"இன்னா சார், எழுத்து தலகீழா ஓடுது?" முன்வரிசையிலிருந்து சின்னராசு திரும்பினார்.

சார் தமிழ்மொழியைப் பார்த்தார். சின்னராசுவை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அவளால் எப்போதும் முடிவு செய்ய முடிந்ததில்லை. அதனால் முறை வைக்காமலே சொன்னாள்.

"அந்தப் பக்கம் ஒரு மணி நேரமா இப்டித்தாங்க ஓடிச்சு."

பச்சையம்மாள்தான் கேட்டாள், கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல: "அவங்களுக்குப் படிக்கவா தெரியும்?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். "கலெக்டருக்குப் படிக்குதில்ல, அதான் இப்பவே ஆர்டர் போடுது."

"சார், மாத்தச் சொல்லுங்க" என்றார் சின்னராசு.

சார் மெல்லிய குரலில் "மாத்தும்மா" என்றார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சார் தானே மெனுவில் தேடினார், கிடைக்கவில்லை. துணிக்குப் பின்னால் சத்தம் அடங்கிவிட்டிருந்தது. அந்த அமைதியில் ஒரு குரல் எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது. அம்மாவின் குரல்.

சின்னராசு சத்தம் போடவில்லை. எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மோட்டார் கொட்டாய் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் துணி இருண்டது. அம்மா படித்த வரி பாதியில் நின்றது. மணி எட்டு ஒன்று.

நாற்காலிகள் நகரும் சத்தத்துக்கு நடுவில் சார் வயரைச் சுருட்டினார்.

"இடம் குடுத்தாரு, கரண்ட் குடுத்தாரு. வேற எந்த ஊர்ல குடுப்பாங்க? அழகா போய்ட்டிருந்ததைக் கெடுத்துட்டியேம்மா."

அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

துணியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். அம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

"மறக்கலடி, மொழி" என்றாள். "கடசில நல்லா வந்துச்சு. மொத்தம் ஒம்போது வரி படிச்சேன்."

"ம்."

"அந்த ஆளு இன்னா ஆனாரு?"

"சுட்டுட்டாங்கம்மா."

அம்மா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். மோட்டார் கொட்டாயில் மறுபடி விளக்கு எரிந்தது.

"காலைல அவங்க கொல்லைல களை எடுக்க வரச் சொல்லியிருந்தாங்க. போறதா, வேணாமா?"

தமிழ்மொழி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"உன்னத்தான் கேக்கறேன்" என்றாள் அம்மா.