எடுக்காதே ஏழு

பதினொரு வருடம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரியாக இருந்தவர் அவர். தொழிற்சாலையை மூடி நான்கு மாதம் ஆகிறது. இந்த மாதமும் வேலை அமையாவிட்டால் மைத்துனர் வீட்டு மாடிக்குக் குடிபோவது என்று முடிவாகியிருந்தது. மைத்துனர் அறிவுரை சொல்வதில் அலுக்காதவர்.

தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள் என்றார்கள் எல்லோரும். தனக்கு ஊரையே தெரியும் என்ற நினைப்பில் அவர் கைப்பேசியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். உறவுக்காரர்களையும் பல் டாக்டரையும் கழித்தபின் மிஞ்சியவை பதினான்கு எண்கள். 'எடுக்காதே 1' தொடங்கி 'எடுக்காதே 14' வரை. சரக்கு விற்க அழைத்து உயிரை வாங்கியவர்களுக்கு அவரே சூட்டிய பெயர். அன்றைக்கு அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதுல யாரு யாருன்னு எப்படித் தெரியும்?"

"குரலைக் கேட்டா தெரிஞ்சிரும்."

"எடுத்திருந்தாத்தானே குரல் தெரியும்."

முதல் ஆறு பேர் எடுக்கவில்லை. குறை சொல்ல அவருக்கு யோக்கியதை இல்லை. ஏழாமவர் இரண்டாவது மணியிலேயே எடுத்து, 'சார்' என்றார்.

அட்டைப்பெட்டி விற்றவராம். இப்போது சொந்தமாகவே பெட்டி செய்கிறாராம். பெயரைக் கேட்கத் துணியாமல் இவர் சுற்றி வளைத்து நலம் விசாரித்தார். பிறகு வெட்கத்தை விழுங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நூறு தடவையாவது கூப்பிட்டிருப்பேன் சார். உங்க நம்பரை என்ன பேர்ல வெச்சிருக்கேன் தெரியுமா?"

எதற்கும் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"'நாளைக்கு எடுப்பார்'னு."

இதற்கு ஏதாவது கெட்ட வார்த்தையே தேவலை என்று பட்டது.

விற்பனைக்கு ஆள் வேண்டும், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார் ஏழாமவர். கொள்முதல் ஆட்களின் மனசு இவரைவிட யாருக்குத் தெரியும் என்றும் சொன்னார். கேலியா என்று இவருக்குப் புரியவில்லை. புதிய முதலாளியின் பெயரைத் திங்கட்கிழமை அவர் அறைக் கதவில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

விற்பனைக்கு அழைக்கச் சொல்லிக் கொடுத்த பட்டியலில் முதல் எண் ஒரு சோப்புக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரியுடையது. மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. ஆள் இருக்கையில்தான் இருக்கிறார், திரையைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறார். இவருக்கு எதிரில் நின்று பார்ப்பதுபோல் தெரிந்தது. கவிழ்த்தபின் எத்தனை நிமிடத்தில் மறந்துபோகும் என்பதும் தெரியும்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்தார்.