கீச்சான் குஞ்சுகள்

மனைவி ருக்மணி செத்துப்போன பிறகு என் வீட்டில் சத்தம் என்று இருந்தவை இரண்டே. ஒன்று குக்கர் விசில். இன்னொன்று, கொல்லைக் கருவேல மரத்தில் புதிதாய்ப் பொரித்திருந்த குஞ்சுகள். விடிந்ததிலிருந்து அவற்றின் கத்தல் ஓயவே ஓயாது. ஆறு மாதமாகப் பேச்சற்றுக் கிடந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று பூனாவில் இருக்கும் மகன் பத்மகுமாரிடம் போனில் சொன்னேன். "சரி நைனா" என்று வைத்துவிட்டான்.

கூடவே ஒரு தொல்லையும் வந்தது. மரத்தையொட்டிய முள்வேலியில் தினமும் வெட்டுக்கிளிகள் முள்ளில் குத்தப்பட்டுக் கிடந்தன. சிலவற்றுக்கு உயிர்கூடப் போகவில்லை. ஒருநாள் ஓணான் குட்டி. நாங்கள் சமணர்கள், விளக்கில் பூச்சி விழுமென்று பொழுது சாய்ந்தால் சோறே தொடாதவர்கள். எந்தப் பாவி என் வேலியிலேயே இப்படிச் செய்கிறான் என்று தெருவில் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டேன். காலையும் மாலையும் ஒவ்வொன்றாய் எடுத்து, உயிருள்ளதைப் புல்லில் விட்டேன், செத்ததைப் புதைத்தேன். எட்டு நாள். புண்ணியம் சேர்கிறது என்ற நினைப்பு வேறு.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஆடு ஓட்டிவந்த பக்கத்துக் கொல்லை வளர்மதி, நான் குழி தோண்டுவதைப் பார்த்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"மனுசங்க யாரும் குத்தல நயினாரே. கீச்சான் குருவிதான் குத்தி வெச்சிட்டுப் போவுது. குஞ்சுங்களுக்கு சாப்பாடு."

கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய அந்தப் பறவை வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து என்னையே பார்க்கும். என்மேல் பிரியம் போலும் என்று இருந்துவிட்டேன். கழுகு மாதிரி காலில் பிடிப்புக் கிடையாதாம் அதற்கு. முள்ளில் மாட்டித்தான் கிழிக்குமாம். வளர்மதி கிளையை வளைத்துக் கூட்டைக் காட்டினாள். நான்கு குஞ்சுகளில் இரண்டு செத்துக் காய்ந்து கிடந்தன. மற்ற இரண்டும் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தன.

"நாள் முச்சூடும் பசில கத்திக்கினு கீதுங்களே, உங்க காதுல விழல?"

விழுந்தது. அதைத்தான் துணை என்று மகனிடம் சொன்னேன்.

அவள் போய்விட்டாள். ராஜகிரி மலையுச்சியில் வெயில் ஒரு விரல்கடை மிச்சமிருந்தது. உள்ளே தட்டில் சோறு மூடியிருந்தது. குழிக்குள் ஒரு வெட்டுக்கிளி. செத்ததுதானே, இதில் பாவமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு எடுத்தேன். வேலி முள்ளில் குத்தப் போனேன். முதல் தடவை முள் என் கட்டைவிரலில் ஏறியது. இரண்டாம் தடவை, நெல் உமி நொறுங்குகிற மாதிரி சின்னச் சத்தத்தோடு, வெட்டுக்கிளிக்குள் இறங்கியது.

கீச்சான் கம்பத்தைவிட்டு அசையவில்லை. நான் நிற்கும்வரை அது வராது என்று புரிய நேரமாயிற்று. உள்ளே போய்க் கொல்லைக்கதவைச் சாத்தினேன். அதற்குள் பொழுது மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. இனி விடிந்தால்தான் சோறு. மூடிய தட்டின் முன்னால், விரலைச் சப்பிக்கொண்டு, குஞ்சுகளின் சத்தம் நிற்கட்டும் என்று முதல்முறையாகக் காத்திருந்தேன்.

சற்று நேரத்தில் வேலிப்பக்கம் சிறகடிப்புக் கேட்டது, ஒரு குரல் நின்றது. மற்றது கத்திக்கொண்டே இருந்தது.