பதவி என்ற கட்டத்தில் எழுதியிருந்தது

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது. வார்டு அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. அவள் கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயம்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை இன்னும் நன்றாக வந்திருக்கும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மாபெரும் தலைவர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். அவர் புகழ்

அடித்துவிட்டேன். அது சிலைக்கு அடியில் பொறிக்கிற வாக்கியம். (சிலை உண்மையிலேயே வரப்போகிறது. சிக்கலே அதுதான்.)

2

மறைந்த குடியரசுத் தலைவருக்கு இது நூற்றாண்டு. அவர் பிறந்த வார்டு என்பதால் அலுவலக வாசலில் சிலை வைக்கிறார்கள். அதற்கு இடம் போதவில்லை என்று, ஒட்டியிருக்கிற குழந்தைகள் காப்பகத்தை இடிக்கத் தீர்மானம் போட்டாயிற்று. அண்ணி தன் இரண்டு வயதுப் பெண்ணை அங்கே விட்டுவிட்டுத்தான் துடைப்பத்தைக் கையில் எடுப்பாள். காப்பகம் போனால் அவள் வேலையும் போயிற்று.

ஆட்சேபணை உள்ளவர்கள் வியாழன் மாலை நான்கு மணிப் பொதுக்கூட்டத்தில் சொல்லலாம் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். இருபத்தைந்து பேர் வராவிட்டால் கூட்டம் செல்லாது. தீர்மானம் தானாக நிறைவேறிவிடும்.

"கோரம் சேராதும்மா," என்றார் தலைமை எழுத்தர். "ஒன்பது வருஷமா சேர்ந்ததில்ல."

"அப்படி என்ன கோரம் சார்?"

"அட, ஆள் கணக்கும்மா. இருபத்தஞ்சு தலை இருந்தாத்தான் கூட்டம்."

"அது சேராததுதான் சார் கோரம்."

(இந்தக் கடைசிப் பதிலை அண்ணி சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் தோன்றியதாம். பாவம், கதையிலாவது சொல்லட்டும் என்று கொடுத்துவிட்டேன்.)

3

நூற்றாண்டுக் கண்காட்சிக்காக அலமாரிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். உள்ளே பழைய பொதுக்கூட்டங்களின் வருகைப் பதிவேடுகள். பெயர், முகவரி, பதவி, கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். தூசி தட்டும்போது ஒன்று விரிந்துகொண்டது. ஆசிரியர், தையல்காரர், மேலாளர் என்று பதவிகள் இறங்கிக்கொண்டே வந்த இடத்தில், நீல மையில் ஒரு சொல்: குடிமகன்.

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சார், இங்க பாருங்க. தண்ணி போடறதையெல்லாம் ஒருத்தர் பதவின்னு எழுதியிருக்கார்."

எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்க் கட்டத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"அவரும்மா," என்றார். "சிலைக்காரர்."

பதவிக்காலம் முடிந்து பழைய வீட்டுக்கே திரும்பி வந்தவர், பதினோரு வருடம், ஒரு மாதம்கூட விடாமல் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். காப்பகம் வேண்டும் என்று முதலில் கேட்டதே அவர்தான் என்று எழுத எனக்குக் கை அரித்தது. "இல்லாததை எழுதாதடி," என்றாள் அண்ணி. அவர் கேட்டது மூன்றாம் தெருச் சாக்கடைக்கு ஒரு மூடி. பதினான்கு கூட்டங்களில் கேட்டிருக்கிறார். ஒரு போன் போட்டிருந்தால் மூடி ஓடி வந்திருக்கும். போடவில்லை. வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கியிருக்கிறார்.

ஒரு பக்கத்தில் அவர் கையெழுத்து மட்டும். கீழே யாரோ குறித்திருந்தது: 'கோரம் இல்லை. வந்தவர் ஒருவர். ஐந்து மணி வரை இருந்தார்.'

இதற்கு ஓர் உவமை தேடினேன். அந்த ஒரு மணி நேரம், அந்தக் காலி அறை, சுற்றிலும் நாற்காலிகள்

வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

4

அண்ணியை ஒரு வீராங்கனையாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. பேருந்தில் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள். ஆனால் மறுநாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள்.

"வரேன்மா. ஆனா பேசமாட்டேன்," என்றார் பேக்கரிக்காரர்.

"பேச வேணாம்ண்ணா. உட்காருங்க, போதும்."

"டீ குடுப்பாங்களா?"

"அதையும் கூட்டத்துல கேளுங்க."

வீட்டில் அண்ணன் முணுமுணுத்தான். "உனக்கெதுக்கு ஊர் வம்பு?"

"ஊர் வம்பா? நம்ம பாப்பா வம்புங்க இது. நீங்களும் வரலாமே."

"எனக்கு ஷிஃப்ட் இருக்கு."

நேற்று வரை, வருகிறோம் என்றவர்கள் இருபத்து மூன்று. அவளோடு சேர்த்து இருபத்து நான்கு. என்னை அவள் கேட்கவில்லை. நாலு பேர் கூடுகிற இடத்துக்கு நான் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

இருபத்தைந்து பேருக்கு மேல் வந்தார்கள், காப்பகம் பிழைத்தது, எல்லோரும் கை தட்டினார்கள். (தித்திப்பு அதிகம்.)

நாலே பேர் வந்தார்கள். மற்ற மூவரும் எழுந்து போன பிறகும் அண்ணி ஐந்து மணி வரை தனியாக உட்கார்ந்திருந்தாள், அவரைப் போலவே. (அழகாக வந்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. அண்ணி தோற்றால்தான் என் கதை அழகாகிறது என்றால், அந்த அழகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?)

மூன்றாவது: வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருத்தி, உள்ளே போகலாமா என்று

இன்று வியாழக்கிழமை. மணி மூன்று இருபது. அலுவலகம் கால் மணி நேர நடை. இந்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் பேனாவை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். அங்கே பதிவேட்டோடு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களாம்.