சௌந்தரபாண்டிக்கு எழுதும் உரிமை

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பொது ஃபோல்டரைத் திறந்த அன்று, காலை பத்து மணிக்குள் உள்ளே நாலு பல் உடைந்திருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது ஃபோல்டர் என்றால் முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

ஃபோல்டர் மெஷின் ஹாலுக்குப் பின்னால் இருந்தது. இரும்புக் கதவு. ஒவ்வொரு படம் வந்து சேரும்போதும் உள்ளே அறை ஒரு முழம் நீண்டது. கதவை ஒட்டிய மேஜையில், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் காளீஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.

முதலாளி தங்கப்பழம் வந்தார்.

“யார் யாருக்கு என்ன உரிமைன்னு பிரிச்சியாம்மா?”

“இல்ல அண்ணாச்சி. எல்லாருக்கும் எல்லாம் குடுன்னு நீங்கதான சொன்னீங்க.”

“இப்பப் பிரி. விற்பனை ஆளுங்க மூணு பேருக்கும் படிக்க, எழுத, அழிக்க. டிசைனுக்குப் படிக்க மட்டும்.”

டிசைன் என்றால் ஒரே ஆள்தான், சௌந்தரபாண்டி. காளீஸ்வரியின் அண்ணன். வீட்டிலும் அவர்கள் இருவர்தான். அவள் கை கீபோர்டில் கொஞ்சம் நின்றது. பிறகு போட்டாள்.

கதவின் ஓட்டை வழியே பார்த்தாள். உள்ளே அண்ணனின் கைகள் சட்டென்று தொங்கிப்போயின. தூக்க உரிமை இல்லை. விற்பனை ஆட்கள் மூன்று பேரும் சுற்றி நின்று அடித்தார்கள். அவனால் வாசிக்க மட்டும்தான் முடிந்தது. வாசித்தான்.

“இரும்பு ஸ்கேல். இடது தோள்,” என்றான் நிதானமாக. “ஷூ. விலா.”

மூக்கு உடைந்த பிறகு சில எழுத்துகள் தெளிவாக வரவில்லை. ஆனாலும் ஓர் அடியையும் அவன் விடவில்லை.

காளீஸ்வரி எழுந்தாள். முதலாளியிடம் போனாள்.

“அண்ணனுக்கு எழுதுற உரிமை வேணும் அண்ணாச்சி. செத்துருவான்.”

“ஃபோல்டருக்குள்ள அண்ணன் தம்பி ஏதும்மா? எல்லாம் யூசர்தான். விண்ணப்பம் குடு. அவனே கையெழுத்துப் போடணும்.”

“அவனுக்குத்தான் எழுத உரிமை இல்லையே.”

“அப்ப காத்திருக்கட்டும்.”

அவள் திரும்பி வந்தாள். யாரையும் கேட்காமல், சௌந்தரபாண்டியின் பெயருக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தாள்.

வாசிப்பது நின்றது. ஸ்கேல் கை மாறியது. எலும்பு முறியும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது ஆள் மட்டும், “பாண்டி, பேசிக்கிடலாம்ப்பா,” என்றான். பேசிக்கொள்ளவில்லை. அவள் மறுபடி பார்த்தபோது மூன்று பேரும் இல்லை. மூன்று பைக் சாவிகள் தரையில் கிடந்தன.

முதலாளி ஓடி வந்தார்.

“குப்பைத்தொட்டியில பாரு.”

“சர்வர்ல அழிச்சா குப்பைத்தொட்டிக்குப் போகாது அண்ணாச்சி.”

அவர் அவளைக் கன்னத்தில் அறைந்தார். மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ச் சுவரில் மோதி உடைந்தது.

“காளி,” என்று உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டான். “அண்ணாச்சிக்கு யூசர் கணக்கு இருக்கா?”

“இல்லண்ணே. அவர் கேக்கவே இல்ல.”

“அப்ப அங்க யாரு நிக்கிறா?”

திரும்பிப் பார்த்தாள். யாரும் நிற்கவில்லை. கன்னம் மட்டும் எரிந்தது.

“வெளிய வாண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“உனக்கு என்ன உரிமை போட்டிருக்க?”

அண்ணனிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“எல்லாம்.”

உள்ளே அவன் உடைந்த மூக்கால் மூச்சுவிடுவது கேட்டது.

“எனக்கும் எல்லாம்,” என்றான் கடைசியில். “ஒரு ஃபோல்டருக்கு ஒருத்தர்தான் மிஞ்ச முடியும். மத்தியானத்துக்கு என்ன கொண்டாந்த?”

“தக்காளிச் சோறு.”

“சரி. சாப்பிட்டுட்டு வா.”

அவள் பாதியைச் சாப்பிட்டாள். அண்ணனுடைய பாதியை மூடி வைத்தாள். வளையல்களைக் கழற்றிக் கீபோர்டின் பக்கத்தில் வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, டிராயரிலிருந்து காகிதம் வெட்டும் கத்தியை எடுத்தாள்.

இரும்புக் கதவு அவளுக்கு உடனே திறந்தது.