இருதயம் காட்டும் மெசின்

கனகலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பதரைக்கு வரவேண்டிய நோயாளி பத்தேகாலாகியும் வரவில்லை. யாழ்ப்பாணத்துத் தனியார் ஆஸ்பத்திரி அறையில், ஒலியலையால் இருதயத்தைப் படம்பிடிக்கும் ஜப்பான் மெசின் உறை கழற்றித் தயாராய் நின்றது. நோர்வேக்காரனும் அமெரிக்கனும் ஜப்பான்காரனும் இந்த மெசினை விற்க உலகச் சந்தையில் முட்டிமோதிய 1980ஆம் ஆண்டு அது. சிங்கப்பூரில் ஆறு விற்றுப்போய்விட்டது, மதராசில் இரண்டு. இலங்கையில் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கும் விற்காவிட்டால் கொழும்புக் கம்பனி அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

நோய் வருத்தமுள்ள இருதயத்தைக் காட்டினால்தான் மெசினின் அருமை தெரியும். ஆஸ்பத்திரி முதலாளி அருளம்பலம் கேட்டதும் அதைத்தான். ஆனால் தொண்டைமானாற்றிலிருந்து வருவதாயிருந்த பெண்ணின் தகப்பன், அவள் வரமாட்டாள் என்று கடைசியில் ஆள் அனுப்பிவிட்டார். சம்பந்தம் பேசுகிறார்களாம், வெளியே தெரிந்தால் குழம்பிவிடுமாம். பெண்ணின் மூச்சு நின்றாலும் சம்பந்தம் நிற்கக்கூடாது, என்ன மனிதர்களோ என்று மனதுக்குள் திட்டினான். திட்ட அவனுக்கு என்ன யோக்கியதை? சின்ன வயதில் வாதக் காய்ச்சலால் இருதயம் பழுதான தங்கை மீனாம்பிகையை, ஒரு வருத்தமுமில்லை என்று அருளம்பலத்தின் தம்பி மகனுக்கே பேசிமுடித்தவன் அவன்தான்.

அதே ஆஸ்பத்திரியில் தட்டெழுதும் மீனாம்பிகை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணை, என்னை வைச்சுப் பாருங்கோ."

"உனக்கென்ன விசரே? முதலாளி வரப்போறார். பேசாமல் போ."

"நாலு அடி நடந்தால் இளைக்குது. பிள்ளை பெறுகிற நேரம் செத்துப்போவனோ எண்டு தெரியாமல் எப்பிடிக் கழுத்தை நீட்டுறது?"

அவன் வாய் திறக்குமுன் அருளம்பலமும் டொக்டர் தியாகலிங்கமும் உள்ளே வந்தார்கள். தானே படுப்பதாக மீனாம்பிகை அவர்களிடம் சொல்லிவிட்டாள்.

"சுகமான பிள்ளைதானே. பரவாயில்லை, பாப்பம்" என்றார் அருளம்பலம்.

மறைப்புக்குப் பின்னால் தாதி யசிந்தா களிம்பு பூசிக் கருவியை அவள் நெஞ்சில் வைத்தாள். இந்தப் பக்கம் கனகலிங்கம் குமிழைத் திருகினான். நல்ல வால்வென்றால் திரையில் கோடு மலைமலையாய் ஏறி இறங்கவேண்டும். இது மேசை மாதிரிச் சப்பையாய்க் கிடந்தது. அவன் கை தானாகவே குமிழைக் குறைத்தது. படம் மங்கினால் மெசினில் பிழை என்று சொல்லிவிடலாம். வேலை போனாலும் சம்பந்தம் மிஞ்சும்.

"என்ன தம்பி, படம் போகுது?" என்றார் டொக்டர்.

மறைப்புக்கு அப்பாலிருந்து மீனாம்பிகையின் குரல் வந்தது. "அண்ணை, தெளிவாய்க் காட்டுங்கோ."

திரை அவளுக்குத் தெரியாது. அண்ணனை அவளுக்குத் தெரியும். அவன் குமிழைத் திருப்பிக் கூட்டினான்.

தியாகலிங்கம் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "வால்வு நல்லாய்ச் சுருங்கிப்போச்சு. முதலாளி, உந்த மெசினை விடக்கூடாது."

அருளம்பலம் கனகலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். "மெசின் இருக்கட்டும். மற்றப் பேச்சை விடுவம்."

விற்றாயிற்று. சம்பந்தம் போயிற்று. சேலையைச் சரிசெய்துகொண்டு வந்த மீனாம்பிகை டொக்டரை மட்டுமே பார்த்தாள்.

"ஒப்பிரேசன் செய்தால் தப்புவனோ, டொக்டர்?"

"ஓம் பிள்ளை. கொழும்பில செய்யலாம்."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அப்ப சாத்திரியிட்டைப் போய் அதுக்கொரு நாள் பாருங்கோ, அண்ணை. கலியாணத்துக்குப் பாத்த நாள் இனித் தேவையில்லை."