மீதி நாளைக்கு

இத்தனை பேர் முன்னால் இவர் கையை நான் பிடித்ததே இல்லையே என்று நினைத்தபடி, கணவனின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கி அவள் அவர் வலது கட்டைவிரலை எடுத்தாள். அமரர் ஊர்தி வருவதற்குள் ஆக வேண்டும் என்று மகன் டேப்லெட்டை நீட்டினான்.

“அமுக்கி வைம்மா. பூட்டு நம்பரை மாத்திட்டு யார்கிட்டயும் சொல்லாம போயிட்டார். விரலை விட்டா வேற வழியில்ல.”

“செத்தவன் கையைப் போட்டு என்னடா நோண்டுற?” என்றாள் நாத்தனார்.

“அம்மாவுக்காகத்தான் அத்தை.”

அதுவும் உண்மைதான். நேற்று மாலை அவள் காய் நறுக்க, அவர் அதிலிருந்துதான் கதை வாசித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போன பெண் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். “மீதி நாளைக்கு” என்று அணைத்துவிட்டார். கதவை யார் திறந்தார்களோ. கதையின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. பார்த்து நினைவில் வைக்க அதற்கு அட்டை இருந்ததா என்ன.

பொருந்தவில்லை என்றது திரை.

லேத் பட்டறையில் தேய்ந்த விரல். உயிரோடு இருந்தபோதே டேப்லெட் அவரை லேசில் ஒப்புக்கொண்டதில்லை. விரலை ஊதி, சட்டையில் தேய்த்து வைப்பார். “கூடவே குடும்பம் நடத்துற உனக்கே நான் யாருன்னு சரியா தெரியல, இதுக்கு எங்க தெரியப்போகுது?” என்பார்.

முந்தானையால் துடைத்து மறுபடி வைத்தாள். விரல் சில்லிட்டிருந்தது. பொருந்தவில்லை.

“அப்பா மாதிரி ஊதிட்டு வைம்மா. ஒரே ஒரு தடவை.”

அவள் குனிந்தாள். விரல் உதட்டருகே வந்தது. அப்போதுதான் கட்டிலின் குட்டைக் கால் கண்ணில் பட்டது. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த தடிப் புத்தகத்தில் அட்டை இல்லை. எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது என்று டேப்லெட்டைக் கொடுத்து, வீட்டுப் புத்தகங்களை மகன் பழைய பேப்பர் கடைக்குப் போட்ட அன்று, கட்டில் ஆடும் என்பதால் தப்பியது அது ஒன்றுதான். பக்கங்களின் ஓரத்தில், அவர் புரட்டிப் புரட்டி ஏறிய பட்டறை மசிக் கறுப்பு.

கையைத் துணிக்குள் வைத்து மூடினாள்.

“வேண்டாம்டா.”

“அம்மா, இப்ப விட்டா…”

தரையில் உட்கார்ந்தாள். மகன் டேப்லெட்டை நீட்டியபடியே நின்றான். அந்தக் கறுப்பின் மேல் கட்டைவிரலை வைத்துக் கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்தாள். முழுப் பாரத்தையும் போட்டும் கட்டில் ஆடவில்லை.